இரண்டே முக்கால் அடி

"பெட்டி மேல ஏறாதுங்க சார், அக்காவத்தான் கீழ எறக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியராஜ் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாம் மாடிக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல மனுஷன். ஆனால் யாரிடம் எதைச் சொல்கிறான் பாருங்கள். ஐஸ் பெட்டி ஏழடி நீளம், இந்தப் படி இரண்டே முக்கால் அடி அகலம், ஏறாது. இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லாத ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன் உண்டென்றால் அது நான்தான். சரிப்பா என்று தலையாட்டினேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்டிப் பழகிய தலை, இன்றைக்கு மட்டும் நின்றுவிடுமா. தெய்வானை ஹாலில் பாயில் கிடக்கிறாள். மதியம் ஒன்றரைக்கு உயிர் போனது, இப்போது மணி மூன்றரை. எதிர்வீட்டு வசந்தாமணியும் இன்னும் இரண்டு பெண்களும் தாடையைச் சுற்றித் துணி கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சித்திரை வெயில். எங்கள் மூன்றாம் மாடிதான் கடைசி மாடி. மேலே மொட்டைக் கான்கிரீட், அது காலையிலிருந்து வாங்கிய சூட்டை இப்போது நிதானமாக எங்கள்மேல் இறக்குகிறது. வெயிலுக்கு ஏங்குகிற ஊர்க்காரர்கள் யோசித்த கூரையை, வெயில் போதும் போதும் என்கிற ஊரில் கொண்டுவந்து போட்டோம். மகள் கோமதி பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டாள், வந்துசேர ஒன்பது மணியாகும். அதுவரை அம்மாவை இந்தச் சூட்டில் வைத்திருக்க முடியாது. அதனால் நாற்காலியோடு வருவார்கள். உடம்பு விறைத்துவிட்டால் உட்கார வைக்க முடியாது என்பதால் சீக்கிரமே வருவார்கள். இந்த சி பிளாக்கில் மேல்மாடிகளிலிருந்து இதுவரை பதினோரு பேர் இறங்கியிருக்கிறார்கள், பதினோரு பேரும் நாற்காலியில்தான். எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன். எண்ணுவதைத் தவிர வேறு என்ன கிழித்தேன்.

முதலில் இறங்கியவர் கிட்டுசாமி. எண்பத்து மூன்றாம் வருடம், ஸ்பின்னிங்கில் இருந்தவர், இரண்டாம் மாடி, மாரடைப்பு. பலகையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள், படித் திருப்பத்தில் பலகை மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேலே ஒருத்தன் இழுக்கிறான், கீழே ஒருத்தன் தள்ளுகிறான், நடுவில் அந்த மனுஷர் செத்தும் நிம்மதியில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறார். போர்வையில் தூளி மாதிரி போட்டுத் தூக்கிப் பார்த்தார்கள், உடம்பு இரண்டாக மடிந்தது, அவர் மனைவி கத்திய கத்தலில் அதையும் விட்டார்கள். கடைசியில் யாரோ ஒரு மர நாற்காலி கொண்டுவந்து, நெஞ்சுக்கு ஒரு வேட்டி, நெற்றிக்கு ஒரு துண்டு என்று கட்டி உட்கார வைத்து இறக்கினார்கள். திருப்பத்தில் நெற்றித் துண்டு நழுவித் தலை முன்னால் விழுந்தது. படியில் நின்றவர்களைப் பார்த்து கும்பிடு போடுகிறவர் மாதிரி கீழே போனார். நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சோறு போடும்போது தெய்வானை சொன்னாள், "என்னைய அப்படி எறக்கீராதீங்க. படுக்க வெச்சுத்தான் எறக்கோணும்." சாப்பிடும்போது என்ன பேச்சு இது என்றேன். "சரீன்னு சொல்லுங்க" என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. ஒருத்தி ஐம்பது வருடக் குடித்தனத்தில் புருஷனிடம் கேட்டு வாங்கிய சத்தியம் இது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, திருப்பதி கேட்கவில்லை, படுத்தபடி இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதையும் நான் முன்கூட்டியே இல்லாமல் செய்துவைத்திருந்தேன். ஏனென்றால் இந்தப் படியை வரைந்தது நான். நஞ்சப்பன், டிராப்ட்ஸ்மேன், வயது அப்போது இருபத்தேழு. நான் சரி என்று சொன்னபோது அவளுக்கும் அது தெரியும்.

வேர்க்கிறது. வசந்தாமணி எட்டிப் பார்த்து, "ஏனுங்க சார், காப்பி ஒரு வாய் குடிக்கறீங்களா" என்கிறாள். வேண்டாம்மா. காப்பியாம். ஜெயசீலன் சாருக்குப் பால் இல்லாத காப்பிதான் பிடிக்கும், பாலையும் அலங்காரம் என்று நினைத்தாரோ என்னவோ. ஜெர்மனியில் இரண்டு வருடம் படித்துவிட்டு கோயமுத்தூருக்குத் திரும்பி வந்த ஆர்க்கிடெக்ட், ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ், நாங்கள் நாலு பேர் வரைகிறவர்கள். சுவரெல்லாம் வெள்ளை. காலண்டர் மாட்டக் கூடாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தால்கூட ஈரத் துணியால் துடைக்கச் சொல்வார். ஆனால் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். உலகச் சண்டை முடிந்து அங்கே ஊரே இடிந்து கிடக்கிறது, லட்சக்கணக்கான பேருக்கு வீடு இல்லை, ராஜா வீட்டுத் தூணும் பூவேலையும் யாருக்கு வேண்டும், ஒரு தொழிலாளி நிமிர்ந்து நிற்க, படுக்க, சமைக்க, காற்று வாங்க எவ்வளவு இடம் வேண்டும், அதை அளந்து அவ்வளவையும் கொடு, அதற்குமேல் ஒரு இஞ்ச் கொடுத்தாலும் அது இன்னொருத்தனிடமிருந்து திருடியது. இதைக் கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறியும். நான் மில் லைன் வீட்டில் பிறந்தவன். முப்பது குடும்பத்துக்கு நாலு கக்கூஸ், பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். எங்களையும் அளந்து பார்த்து இடம் கொடுக்க உலகத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவரிடம் ஒரு தடித்த அளவுப் புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனுஷன், கறுப்பாக, முகம் இல்லாமல். கையை விரிக்கிறான், அதற்கு இவ்வளவு. குனிகிறான், அதற்கு இவ்வளவு. தொட்டியில் குளிக்கிறான், பெட்டி தூக்கிக்கொண்டு படி ஏறுகிறான், குடை பிடிக்கிறான், மனைவியோடு கட்டிலில் படுக்கிறான். ஆயிரம் வேலை செய்கிறான், எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருக்கிறார்கள். சாக மட்டும் மாட்டேன் என்கிறான். நானும் அந்தப் புத்தகத்தை நாலு வருடம் புரட்டியிருக்கிறேன், இதை ஒருநாள்கூடக் கவனித்ததில்லை. ஐந்தடி ஒன்பது அங்குலத்து வெள்ளைக்காரன் சாகாமல் படி ஏறிக்கொண்டே இருந்தான், நான் அவன் பின்னாலேயே ஏறினேன்.

புதுயுகக் காலனி. பெயர்கூட அவர் வைத்ததுதான். மில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காக ஏழு பிளாக், ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடியும். சங்கத்தில் சொல்லியிருந்த அளவுக்கு மேல் ஒரு சதுர அடி போகக் கூடாது. எல்லாம் அடங்கிவிட்டது, சமையலறையில் மட்டும் மேடை போட இடம் இல்லை. ஜெயசீலன் சார் என் போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எங்கயாவது மூணு இஞ்ச் கெடைக்குமா பாரு நஞ்சப்பா" என்றார். ஷீட்டில் எழுதுவது மில்லிமீட்டரில், வாய் பேசுவது அடி அங்குலத்தில், அப்போதும் அப்படித்தான். நான் இரண்டு நாள் தேடினேன். எங்கே கிடைத்தது? படியில். மூன்றடிப் படியை இரண்டே முக்கால் ஆக்கினால், போகிற படி, வருகிற படி, திரும்புகிற இடம் மூன்றிலும் மிச்சமாகி, தளத்துக்கு இரண்டு வீட்டிலும் மேடைக்கு இடம் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம். தெய்வானை லைன் வீட்டில் தரையில் குத்தவைத்துக் கண்ணெரியச் சமைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பு வலிக்குது என்று ஒருநாளும் சொல்லமாட்டாள், எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அவள் நின்று சமைக்க வேண்டும் என்றுதான் அந்த மூன்று அங்குலத்தை எடுத்தேன், பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் மேடை உயரம் மூன்றடி என்றிருந்தது, அது அந்த ஊர்க்காரிக்கு. தெய்வானையைச் சுவரோடு நிறுத்தி டேப்பால் அளந்தேன். "எதுக்குங்க, தையக்காரன் மாதர" என்று சிரித்தாள். நாலடி பதினொன்று. ஐம்பத்தொன்பது அங்குலம். முழங்கை மடக்கச் சொல்லி அதற்குக் கீழே கணக்குப் போட்டு இரண்டரை அடி என்று எழுதினேன். ஏழு பிளாக்கிலும் எல்லாப் பெண்களும் இன்றுவரை தெய்வானையின் முழங்கைக்குச் சமைக்கிறார்கள். சார் ஷீட்டைப் பார்த்தார், என் தோளில் கை வைத்தார். "நீ டிராப்ட்ஸ்மேன் இல்ல நஞ்சப்பா, நீ டிசைனர்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டினேன், வெட்கமாக இருக்கிறது. படிக்கு நடுவில் கம்பிக் கைப்பிடிதான் முதலில் இருந்தது. கம்பி என்றால் வளைவு போடுவான், பூ போடுவான், கண்ணுக்கு உறுத்தும், சுத்தமான சுவராக எழுப்பிவிடு என்றார். தரையிலிருந்து மேலே வரைக்கும் செங்கல் சுவர். கம்பி இருந்திருந்தால் அதற்கு மேலே தூக்கிக் கிட்டுசாமியைத் தாண்டவைத்திருக்கலாம். முதல் பிளாக்கில் நூல் பிடித்துப் பார்க்கும்போதே அங்கமுத்து மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஏனுங்க, இதுல பொணம் எப்படீங்க எறங்கும்?" ஜெயசீலன் சார், "நாம வாழறதுக்கு வீடு கட்டறோம் மேஸ்திரி, சாகறதுக்கு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்.

கட்டிலைத் திருப்பிப் பார்த்திருந்தேன், ஷீட்டில் பென்சிலால். கட்டிலைக் கழற்றிக்கொள்ளலாம். பீரோவை நிமிர்த்திக்கொள்ளலாம். மனுஷனைப் பற்றி யோசனையே வரவில்லை, அவன்தான் காலால் நடந்து இறங்குவானே. கிட்டுசாமி இறங்கிய மறுநாள் காலனி முழுக்க ஒரே பேச்சு, எவன்டா இதை வரைஞ்சவன், அவன் கை வெளங்குமா. இந்த வீட்டை எனக்கு ஆபீஸ் சிபாரிசில் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஒரு கட்டட ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்று மட்டும் இங்கே தெரியும், எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. தெய்வானையிடம் சொன்னேன், "யார்கிட்டயும் சொல்லாத." அவள் என்னைப் பார்த்தாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சங்கக் கூட்டத்தில் படியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கான்ட்ராக்டர் திருட்டுப்பயல், பிளானில் மூன்றடி இருந்திருக்கும், கட்டும்போது தின்றுவிட்டான் என்று முதல் ஆளாக நான் எழுந்து சொல்லியிருக்கிறேன். பாவம் அந்த மனுஷன், கொடுத்த ஷீட்டில் ஒரு நூல் குறையாமல் கட்டிக் கொடுத்தவன். ஜெயசீலன் சாரும் போய்ச்சேர்ந்துவிட்டார், அவர் வீட்டுப் படி ஐந்தடி அகலம், படுத்தபடியே சௌகரியமாக இறங்கினார், நான்தான் கூடப் போனேனே. போன வருடம் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பெண் ஒருத்தி கேமராவோடு வந்தாள். படித் திருப்பத்தில் வெளிச்சம் விழுவதைப் படம் எடுத்தாள், நடுச்சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எவ்ளோ சுத்தமா இருக்கு அங்கிள், ஒரு கோடுகூட வேஸ்ட் இல்ல, யார் டிசைன் பண்ணாங்கன்னு தெரியுமா?" எனக்குத் தெரியாதும்மா என்றேன். ஐம்பது வருடத்தில் ஒருத்தி பாராட்டுகிறாள், அதையும் வாங்கிக்கொள்ளத் துப்பில்லை. பேத்தி ஒருநாள் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாள். பூசாத சுவர், தலைக்குமேல் குழாய் தெரிகிறது, முதுகு சாயாத ஸ்டூல், காப்பி முந்நூறு ரூபாய். மில்காரனுக்கு மலிவாகக் கிடைக்கட்டும் என்று வெறுமையாக விட்டதை, இப்போது பணக்காரனுக்கு விலை வைத்து விற்கிறார்கள். மலிவாக எல்லோருக்கும் போய்ச்சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான், பிளாஸ்டிக் நாற்காலி. ஒரே அச்சு, ஒட்டு இல்லை, ஆணி இல்லை, பூவேலை இல்லை, தூக்கினால் கனமில்லை, குடிசையிலும் இருக்கும், கலெக்டர் ஆபீசிலும் இருக்கும். ஜெயசீலன் சார் ஆசைப்பட்ட நாற்காலி அதேதான். இங்கே மேல்மாடியில் யார் செத்தாலும் அதில்தான் கட்டி இறக்குகிறார்கள். சிவப்பு நாற்காலி, ஆரோக்கியராஜ் வீட்டு வராந்தாவில் கிடக்கும். இப்போது அதைத்தான் எடுத்துக் கழுவிக்கொண்டிருப்பான்.

தெய்வானை முகத்தில் ஈ உட்காருகிறது, விசிறுகிறேன். இந்த முகத்துக்கு நெற்றியில் துண்டு கட்டி நாற்காலி முதுகோடு சேர்த்து இறுக்குவார்கள். திருப்பத்தில் தலை விழும். மாட்டேன். என்ன செய்யப்போகிறேன், எழுபத்தைந்து வயதில் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேனா. யோசிடா. வேறு எதற்கும் லாயக்கில்லை, இதற்காவது அந்த மண்டை உதவட்டும். மாத்திரைச் சீட்டின் பின்பக்கம், பேனா. படி முப்பத்து மூன்று அங்குலம். திரும்புகிற இடமும் முப்பத்து மூன்று. கையை மேலே மடக்கிக் கட்டினால் அவள் தோள் அகலம் பதினெட்டு. மூலையில் குறுக்காகத் திருப்பும்போது எவ்வளவு நீளம் போகும். போட்டேன். ஐம்பத்தேழுக்குக் கொஞ்சம் மேலே. அவள் ஐம்பத்தொன்பது. மறுபடி போட்டேன், அதே. இரண்டு அங்குலம் இடிக்கிறது. மூன்றடியாக விட்டிருந்தால் எவ்வளவு வரும் என்று போடாதே, போடாதே என்றால் கை கேட்கிறதா. அறுபத்தைந்துக்கு மேல் வருகிறது. தாராளமாகத் திரும்பியிருப்பாள். கிட்டுசாமியும் எப்படியோ திரும்பியிருப்பார். மூன்று அங்குலம், என் கைவிரலில் நாலு விரற்கடை, அவ்வளவுதான். அழுகை வருகிறது, சீட்டு நனைகிறது, வசந்தாமணி மறுபடி எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள், கிழவன் பெண்டாட்டி தலைமாட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான் என்று சொல்வாள், சொல்லட்டும். இரண்டு அங்குலம். அவளைச் சுருக்க முடியாது. சுவரை உடைக்க முடியாது. சுருக்க முடியாதா? தரையில் கிடக்கும் கோடுதான் ஐம்பத்தொன்பது. தலைப்பக்கம் தூக்கினால் கோடு சாயும், சாய்ந்தால் தரையில் அதன் நீளம் குறையும். ஏணியைச் சுவரில் சாய்த்தால் குறைவது மாதிரி. எவ்வளவு தூக்க வேண்டும்? பதினைந்து. ஒன்றேகால் அடி. தலையணை இரண்டு வைத்துப் படுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அதுவும் படுக்கைதான், யாரும் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல முடியாது. கால் அங்குலம் மிச்சமாகக்கூட வருகிறது. தெய்வானை, கால் அங்குலம் இருக்கிறது. பரண் பலகை ஒன்று இருக்கிறது, அவளைவிடக் குட்டை, ஒடுக்கம். அதில் சேலையால் கட்டிவிட்டால் போதும். ஆனால் இதை அவர்களிடம் எப்படிச் சொல்வேன். பதினோரு பேரை இறக்கிய ஆட்கள். அன்றைக்குப் பலகை மாட்டிக்கொண்டதைப் பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர்கள். கிழவர் துக்கத்தில் உளறுகிறார், பிடித்து ஓரமாக உட்கார வை என்பார்கள். நம்ப வேண்டுமென்றால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதை நாற்பது வருடமாகத் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவள் ஒருத்தி, அவளும் போய்விட்டாள், இனி ஒருத்தருக்கும் தெரியாது, நானும் நாலைந்து வருடத்தில் அதே சிவப்பு நாற்காலியில் இறங்கிப் போய்விடலாம். இப்படியும் ஒரு நினைப்பு ஓடுகிறது பாருங்கள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. சீ.

படியில் செருப்புச் சத்தம். ஆரோக்கியராஜ் முன்னால், கையில் நாற்காலி, கழுவிய ஈரம் சொட்டுகிறது. பின்னால் இன்னும் மூன்று பேர், கையில் வேட்டியும் துண்டும். "சார், வெறைக்கறதுக்குள்ள உக்கார வெச்சரலாமுங்க" என்றான். நான் எழுந்து அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றேன். "நாற்காலி வேண்டாம்ப்பா. பலகையில படுக்க வெச்சே எறக்கலாம்." "திரும்பாதுங்க சார். உங்களுக்குத் தெரியாததா." "திரும்பும். கால் முன்னால போகணும், தலைய ஒண்ணேகால் அடி தூக்கிப் பிடிக்கணும். கால் அங்குலம் மிச்சமிருக்கு." ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சீட்டை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை. "ஆரோக்கியராஜ், எனக்குத் தெரியும்ப்பா. இந்தப் படிய வரைஞ்சது நான்தான். மூணடி இருந்தத நான்தான் குறைச்சேன். கான்ட்ராக்டர் இல்ல, நான்தான்." அவன் நாற்காலியை மெதுவாகச் சுவரோரம் வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "தெரியுமுங்க சார்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "அக்கா சொல்லியிருக்காங்க. கிட்டுசாமியண்ணன எறக்குனதுக்கு மூணாம் நாளே எங்கம்மாகிட்ட வந்து சொன்னாங்க, எல்லா வூட்லயும் போயிச் சொன்னாங்க. எங்கப்பன எறக்குனப்பவும் வந்தாங்க. யாரு எறங்குனாலும் காரியம் முடிஞ்சு வருவாங்க. எங்கூட்டுக்காரரு தெரியாம வரைஞ்சுட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்க, அவர்கிட்ட கேட்றாதீங்கம்பாங்க. ஒருக்கா அக்கா எங்கம்மா கால்லயே உளுகப் போயிட்டாங்க." அவன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னான். "பலகை எங்கீங்க இருக்குது?" பரணைக் காட்டினேன், கை தானாகக் காட்டியது. பதினோரு சாவு. ஒவ்வொன்றுக்கும் போய் என் பெயரைச் சொல்லித் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். நான் கூட்டத்தில் எழுந்து கான்ட்ராக்டரைத் திட்டும்போதெல்லாம் இவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறார்கள். நான்தான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்னைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து ஒளித்துவைத்திருக்கிறார்கள். தெய்வானையைப் பார்க்க முடியவில்லை. அவளிடம் கோபம் வருகிறது, யாரைக் கேட்டுப் போனாய் என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது, அடுத்த நொடியே காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அதற்குள் வசந்தாமணி அவள் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், பலகையில் கிடத்தி நெஞ்சிலும் முழங்காலிலும் கட்டினார்கள். தலைப்பக்கம் நான் பிடிப்பேன் என்றேன். முடியாதுங்க சார் என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் நான் என்றான். படியில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை, அவன் எனக்குப் பின்னால் ஒரு படி மேலே நின்று கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டான். எட்டுப் படி இறங்கினோம். முதல் திருப்பம். "தூக்குங்க" என்றேன். தூக்கினோம், தலை நெஞ்சளவுக்கு வந்தது, அவள் நெற்றிப் பொட்டு என் முகத்துக்குக் கீழே இருந்தது. பலகை மூலைக்குள் போனது, நின்றது, இன்னும் கொஞ்சம் தூக்கினோம், மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. படுத்தபடியே திரும்புகிறாள். போட்ட கணக்கு சரி என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது, அந்த நேரத்திலும். அப்போதுதான் சுவர் கையில் உரசியது. பலகையைப் பிடித்திருந்த விரல்கள் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன, என்னுடையதும் அவனுடையதும். எனக்கு விரல் முட்டித்தோல் போனது, அவனுக்கு இரண்டு விரலில் ரத்தம் வந்தது. அவன் விடவில்லை. நீளம் போட்டேன், அகலம் போட்டேன், சாய்வு போட்டேன், தூக்குகிறவன் கையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "பொறுத்துக்கப்பா" என்றேன். ஆரோக்கியராஜ் ஒரு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான். "பரவால்லீங்க சார். அடுத்த திருப்பத்துல வெரல மடக்கிக்கோங்க." இன்னும் இரண்டு திருப்பம் இருந்தது.